பளீலுக்கு எடுத்துக் கொடுத்த துவக்கு

வாளி வாங்குகிறவர்கள் வாளியின் அடியைத் தட்டிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பிடி மாட்டியிருக்கும் காதை. காது வலுவில்லாவிட்டால் வாளி கிணற்றுக்குள் போய்விடும், பிடி மட்டும் கயிற்றோடு மேலே வரும். இப்படிப் பார்த்து வாங்குவதற்கு ஒரு கண் வேண்டும் சேர். எனக்கு அந்தக் கண் உண்டு. கூட்டுறவுக் கடைகளுக்குக் கொழும்பிலிருந்து சாமான் தெரிந்தெடுத்து வருவதுதான் என் வேலை. இத்தனை காலத்தில் எந்த வியாபாரியும் என் தலையில் மிளகாய் அரைத்ததில்லை.

ஆறுதலாகச் சொல் என்று கதிரையும் தேநீரும் தந்தீர்கள். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. பொலிசுக்கு என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானே வந்தேன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கச்சிமுகம்மது. சாய்ந்தமருதில் வயல்காரர் ஸைனுலாப்தீன் போடியாரின் மூத்த மகள் ஹப்ஸாவை முடித்திருக்கிறேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். மாமா தன் வளவுக்குள் ஹப்ஸாவுக்கு ஒரு வீடும் இளையவள் றிப்னாவுக்கு ஒரு வீடும் கட்டியிருந்தார். நடுவில் ஒரு கிணறு. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மற்ற வீட்டுக்கு மணக்கும். ஒன்பது வருஷம் அந்த வளவில் ஒரே மருமகன் நான். தையல் மெசின், சுவர் மணிக்கூடு, உழவு மெசினுக்கு டயர், மாமியின் மூக்குக்கண்ணாடிச் சட்டம் வரைக்கும் நான் பார்த்துச் சொன்னால்தான் வாங்குவார்கள். அயல் வீட்டார் கட்டில் வாங்குவதென்றாலும் மாமா அவர்களை என்னிடம்தான் அனுப்புவார். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மறைப்பானேன்.

றிப்னாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் விசாரிக்கப் போனது நான்தான். பளீலைத் தெரிந்தெடுத்ததும் நான்தான். அப்போது அவர் ஊர்க்காவல் படையில் இருந்தார். அதிகம் கதைக்கமாட்டார், சம்பளமும் சொற்பம், இருக்கிற இடம் தெரியாமல் இருப்பார் என்று கணக்குப் போட்டேன். நான் எடுத்தவற்றில் பிழையாகிப்போனது அது ஒன்றுதான்.

கலியாணம் முடித்த அடுத்த வருஷம் பளீல் கட்டாருக்கு உழைக்கப் போனார். தொண்ணூற்று நாலு கடைசியில் திரும்பி வந்தபோது அந்தப் பழைய பளீல் இல்லை. வாய் திறந்து கதைத்தார், கதைத்தால் எல்லாரும் சிரித்தார்கள். ரைஸ் குக்கர், கிரைண்டர், மாமாவுக்குக் கைமணிக்கூடு என்று அவரே பார்த்து வாங்கிய சாமான்களைப் பெட்டி பெட்டியாக இறக்கினார். வீட்டில் யாரும் இல்லாத ஒரு நேரம் அந்தக் கிரைண்டரை நான் கவிழ்த்துப் பார்த்தேன். ரப்பர் கால், வயர், பிளேட், ஒன்றிலும் குறை இல்லை. குறை இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஹப்ஸா வேறு, இப்படிச் சத்தமில்லாமல் ஓடுகிற மெசினைத் தான் கண்டதே இல்லை என்று என்னிடமே சொன்னாள்.

பாரை மீன் வாங்கினால் தலை மருமகனுக்கு. அதுவரைக்கும் அது என் பீங்கானுக்கு வந்தது. அந்த மாதத்திலிருந்து பளீலின் பீங்கானுக்குப் போனது. நாடு விட்டு நாடு போய்க் கஷ்டப்பட்டு வந்த மனிசன் என்று மாமி சபியா உம்மா காரணம் சொன்னார். நான் வாலைத் தின்றேன். வாலில் முள் கூடுதல். மாமா ஒரு ரேடியோவைத் திருத்துவதா, புதிதாக வாங்குவதா என்று பளீலிடம் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கிணற்றடியில் நின்று கேட்டேன். முகம் கழுவப் போனவன் கழுவாமலே திரும்பி வந்துவிட்டேன்.

தை மாதம் யுத்த நிறுத்தம் வந்தது. ஊர் கொஞ்சம் மூச்சு விட்டது. பளீலுக்குக் கட்டாரில் ஒரு பழக்கம் தொற்றியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவருடைய முதலாளி பாலைவனத்துக்குக் கூட்டிப்போய்ச் சின்னத் துவக்கால் வெற்று டின்களுக்கு வெடி வைக்கக் கொடுப்பாராம். விளையாட்டுத்தான். அப்படி ஒரு துவக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டார். நாவிதன்வெளியில் மாமாவின் வயலுக்குப் பன்றிக் காவலுக்கென்று முன்பு ஒரு துவக்கு அனுமதி இருந்தது. அதைப் புதுப்பித்துவிட்டால் சரி என்றார் மாமா. அதற்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய கதை இங்கே வேண்டாம்.

ஒரு பின்னேரம் பளீல் என் வீட்டு வாசலுக்கு வந்தார். மூத்தவன் என்று என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, டின்னுக்கு வெடி வைக்க ஒரு துவக்கு எடுக்கணும். காசும் பெரிசாப் போகக்கூடா. எது நல்லமெண்டு நீங்கதான் சொல்லணும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு பேச்சில் போய்விட்டது. உட்காரச் சொன்னேன். ஹப்ஸாவைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னேன். விளையாட்டுக்கு வெடி வைப்பதென்றால் சின்ன ரவைக் குண்டு போதும், விலையும் மலிவு, தோளிலும் இடிக்காது என்று விளக்கினேன். பளீல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தேநீரைக் குடித்துவிட்டு எழும்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நான் கொழும்பில கூட்டாளி ஒருத்தனுக்குச் சொல்லி எடுக்கத்தான் இருந்த. மாமாதான் சொன்ன, காக்காட்ட ஒரு வார்த்த கேளுங்க, இல்லாட்டி அந்த மனிசன்ட மனசு நொந்து போகுமெண்டு."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஒளிவுமறைவு இல்லாத ஆள், மனதில் பட்டதைச் சொன்னார். ஒன்பது வருஷம் தேவைக்குக் கேட்டார்கள். இப்போது பாவம் பார்த்துக் கேட்கிறார்கள். பிச்சைக்காரனுக்குப் போடுவதுபோல ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனாலும் நான் மறுக்கவில்லை. கொழும்புக்கு நானே போய் எடுத்து வருகிறேன் என்றேன்.

நீங்கள் பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை. பொறாமை என்பது தனக்கில்லாத ஒன்றைப் பார்த்து ஏங்குவது. நான் ஏங்கியது என்னிடம் இருந்த ஒன்றுக்கு.

கொழும்பில் ஒரு பழைய துவக்குக் கடை. முதலாளி வயதான மலாய்க்காரர். எங்கள் விலைக்குள் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது காற்றுத் துவக்கு. அது குழந்தைப் பிள்ளைச் சாமான், பளீல் ஒரு மாதத்தில் அலுத்துப்போவார். இரண்டாவது ஒவ்வொரு வெடிக்கும் கையால் நெம்பு கோலை இழுத்து வெற்றுக் கோதைத் தள்ள வேண்டிய ரைபிள். உறுதியானது, விலையும் குறைவு. மூன்றாவது செமி ஒட்டோமெட்டிக். மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவர் வைத்திருந்தது. மெகசினில் பத்து ரவை. ஒரு வெடி போனதும் அதுவே கோதை வெளியே தள்ளி, அடுத்த ரவையை உள்ளே ஏற்றிக்கொள்ளும். விசையை அழுத்த அழுத்தச் சுடும், வேறு வேலை இல்லை.

மூன்றையும் தோளில் வைத்துப் பார்த்தேன். குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன். செமி ஒட்டோமெட்டிக்கின் குழலில் ஒரு புள்ளிக் கறள் இல்லை. வாதுமை மரப் பிடி, மரத்தின் ரேகை நேராக ஓடியிருந்தது. குறிபார்க்கும் முள் அசையவில்லை. எடையும் குறைவு. அந்த விலைக்கு அதைவிட நல்லதை இலங்கை முழுக்கத் தேடினாலும் எடுக்க முடியாது. இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மையானவை. இதை எங்கே சொன்னாலும் நான் பின்வாங்கமாட்டேன்.

கடைக்காரர் ஒரு காரியம் செய்து காட்டினார். மெகசினைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு குழலின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த சின்ன இழுபிடியைப் பின்னுக்கு இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு ரவை துள்ளிக் கண்ணாடி மேசையில் விழுந்தது.

"மெகசினக் கழட்டினா வெறுமெண்டு நெனச்சிராதீங்க தம்பி. ஒண்டு உள்ளுக்கு நிக்கும். வீட்டுல எல்லாருக்கும் இத முதல்ல சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அப்போது சொல்லும் எண்ணம்தான் இருந்தது. அனுமதிக் கடிதத்தோடு அந்தத் துவக்கைச் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறக்கி ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். வழி நெடுக, பளீலை உட்காரவைத்து இதைச் சொல்லவேண்டும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வளவுக்குள் நுழைந்தபோது எல்லாரும் கூடிவிட்டார்கள். பளீல் உறையைப் பிரித்தார். மாமா துவக்கை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, பளீலின் தோளில் தட்டி, "நல்ல சாமான் எடுத்திரிக்கீங்க மருமகன்" என்றார். எடுத்தவன் பயணப் பையைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறேன். பளீல் உடனே என்னைக் காட்டி, காக்காதான் எடுத்தது என்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வரவேண்டியதை அவர் கையால் வாங்கவேண்டியதாகப் போயிற்று.

அன்று பின்னேரம் துவக்கைப் பற்றிச் சொல்லவேண்டியவற்றைச் சொன்னேன். எண்ணெய் போடுவது, ஈரக் காற்றில் வைக்காமல் இருப்பது, ரவையைத் தனியாகப் பூட்டி வைப்பது. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த ஒன்று வேறு எந்த ஊரிலும் தேவைப்பட்டிருக்காது. எங்கள் ஊரில் தேவைப்பட்டது. தொண்ணூறில் யுத்தத்தில் நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு அரசாங்கம் ஊர்க்காவலுக்குக் கொடுத்தது ஒற்றைக்குழல் சொட்கண். ஒரு தோட்டாவைப் போடு, ஒரு வெடி வை, அதோடு அது வெறும் கம்பு. மடித்துத் திறந்து அடுத்ததைப் போட்டால்தான் திரும்பத் துவக்கு. எங்கள் ஊர் ஆண்களுக்குத் தெரிந்த துவக்குப் படிப்பு அவ்வளவுதான். காவல் முடிந்து வருகிற பொடியன்கள் தோட்டாவைக் கழற்றி எடுத்துவிட்டு, பிடியை நிலத்தில் ஊன்றி, குழலின் வாயில் வாய் வைத்து ஊதுவார்கள். புகையும் தூசியும் போகட்டும் என்று. கடற்கரை மீன் வாடிகளில் நீங்களும் கண்டிருப்பீர்கள். தோட்டா கையில் இருந்தால் துவக்குக்குள் ஒன்றும் இல்லை என்பது அவர்களுக்குப் பள்ளிப் பாடம். பளீலுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. முதல் நாளே கண்டேன். மெகசினைக் கழற்றினார், அதைத் தோட்டாவாகவே எண்ணிக்கொண்டார். பிடியை மணலில் ஊன்றினார், குழலில் ஊதினார்.

அப்போது நான் ஒரு புத்தி சொன்னேன். விசையின் ஸ்பிரிங்கை இழுபட்ட நிலையில் வைத்தால் நாளடைவில் தொய்ந்துபோகும், மெகசினைக் கழற்றியபின் ஒருமுறை விசையை அழுத்தி இறக்கிவிடுங்கள் என்றேன். அதில் பொய் இல்லை. துவக்குத் தெரிந்த யாரிடமும் கேட்டுப்பாருங்கள். பளீல் சொன்னால் கேட்கிற ஆள். அன்றிலிருந்து ஊதிக்கொண்டே பெருவிரலால் விசையை அழுத்துவார். டக் என்று ஒரு சத்தம் வரும். இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும்.

நோன்பு தொடங்கியிருந்தது. அசர் தொழுகைக்குப் பிறகு நோன்பு திறக்கும் வரைக்கும் பொழுது போகாது. பளீல் கடற்கரையில் மணல் மேட்டுக்கு முன்னால் பால்மா டின்களை அடுக்கி வெடி வைப்பார். படை முகாமுக்கும் சொல்லி வைத்திருந்தார். தோணிகளின் நிழலில் ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். பளீலின் கை நல்ல கை, பத்துக்கு எட்டு விழும். மாமாவும் ஒருநாள் வெடி வைத்து ஒரு டின்னை விழுத்திவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். என்னோடு அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. சனங்கள் அதைப் பளீலின் துவக்கு என்றார்கள்.

ஒவ்வொரு நாளும் பளீல் மெகசின் முடியும்வரை வெடி வைத்துவிட்டுத்தான் நிறுத்துவார். முடிந்துவிட்டால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரவைப் பெட்டி என் பொறுப்பில்தான் இருந்தது. நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒருநாள், பெட்டியைக் கொண்டுபோக எனக்குக் கொஞ்சம் சுணங்கிவிட்டது. வேலை ஒன்றும் இல்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடற்கரைக்கு நான் போனபோது வெயில் இறங்கிவிட்டது. பளீல், இனி நாளைக்குப் பார்ப்போம் என்றார். அவ்வளவு பேர் காத்திருக்கிறார்களே, ஒரு மெகசின் வையுங்கள் என்றேன். பத்து ரவையையும் நானே ஏற்றிக் கொடுத்தேன்.

மூன்று வெடிதான் வைத்தார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. பாங்கு கேட்டால் கையில் இருக்கிறதை அப்படியே விடுகிறவர் அவர். அது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பாங்கு சொன்னது பள்ளிவாசல், நான் இல்லை.

"காக்கா, இத வைங்க. நோம்பத் திறப்பம்" என்று மெகசினைக் கழற்றி என் கையில் தந்தார். அது கனமாக இருந்தது. நான் இன்னொரு கையால் பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பளீல் பிடியை மணலில் ஊன்றிக் குனிந்தார். கூப்பிட்டுச் சொல்வதற்கு நேரம் இருந்தது. ஆனால் என் வாயில் பழம் இருந்தது. அதை மென்று விழுங்கி, தண்ணீரும் குடித்தேன். சின்ன ரவையின் சத்தம் பெரிதாக இராது. பக்கத்தில் நோன்பு திறந்துகொண்டிருந்த பலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பளீல் நோன்பு திறக்கவில்லை. ஒரு மிடறு தண்ணீர்கூட உள்ளே போகவில்லை.

நோன்போடே அவர் போய்ச்சேர்ந்ததுதான் நான் எதிர்பாராதது. ஜனாஸா அடக்கத்துக்கு வந்த அவ்வளவு சனத்தை எங்கள் ஊர் முன்பு கண்டதில்லை. மருதமுனையிலிருந்தும் காரைதீவிலிருந்தும் வந்தார்கள். பாண்டிருப்பிலிருந்து மாமாவின் வயற்பங்காளி செல்லத்தம்பி குடும்பத்தோடு வந்து நின்று அழுதார். றமழானில், நோன்போடு, பாங்கு காதில் விழும்போது மவுத்தான மனிசன், இப்படி ஒரு மவுத்து யாருக்குக் கிடைக்கும் என்று பள்ளிவாசல் ஹஸரத் துஆ ஓதும்போது சொல்லி அழுதார். ஊரெல்லாம் அதையே சொன்னது. நான் ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை. என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மவுத்தை அவருக்குத் தெரிந்தெடுத்துக் கொடுத்ததும் நான்தான். அதற்கும் பெயர் அவருக்கே போய்விட்டது.

புருஷன் போனவள் என்று றிப்னா அறைக்குள் இத்தாவில் இருந்தாள். மூன்றாம் நாள் கத்தச் சாப்பாட்டில் மாமி என் பீங்கானில் மீன் தலையை வைத்தார். வைத்துவிட்டு அழுதுகொண்டே உள்ளே போனார். தலை ருசியாகத்தான் இருந்தது. ஆனால் அது எனக்காக வைத்ததில்லை என்பது எனக்கு விளங்கியது.

மரண விசாரணைக்கு வந்தவர் துவக்கைப் பார்த்துவிட்டு, பழைய சாமான், விசையில் ஏதோ கோளாறு, தவறுதலாக வெடித்திருக்கிறது என்று முடித்தார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். என்மேல் ஒரு பழியும் வராமல் அதோடு போயிற்று. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கும் ஹப்ஸாவின் வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருப்பேன்.

போன கிழமை மாமா சிறுபோகத்துக்குத் தண்ணீர்ப் பம்ப் ஒன்று வாங்கினார். கல்முனைக் கடைத்தெருவில் யாரோ ஒரு கடைக்காரனிடம் கேட்டு வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வளவுக்குள் இறக்கும்போதுதான் எனக்கே தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, மெதுவாகச் சொன்னார்.

"உங்களக் குத்தம் சொல்லல்ல மகன். உங்களுக்குத் தெரியாமத்தானே நடந்த. ஆனா நீங்க எடுத்த சாமான் பிழையாப் போய் ஒரு உசிரே போயிட்டு. இனி உங்களிட்டக் கேக்க எனக்கு மனம் ஏவுதில்ல."

ஹப்ஸா பக்கத்தில் நின்றாள். அவள் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அயலவர்கள் லொறிக்காரனோடு சேர்ந்து பம்பை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது. நான் சாமான் பார்க்கத் தெரியாதவன். என் முகத்துக்கு நேரே, அத்தனை பேருக்கு முன்னால். ஐந்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இன்று காலை இங்கே வந்தேன்.

நீங்கள் என்ன எழுதினாலும் கையெழுத்து வைக்கிறேன். பளீலைக் கொன்றது நான். தெரிந்துதான் செய்தேன், யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அந்தத் துவக்கில் ஒரு கோளாறும் இல்லை சேர். அது உங்கள் களஞ்சியத்தில்தானே இருக்கிறது, தெரிந்த ஆள் ஒருவரைக் கூப்பிட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விசை, ஸ்பிரிங், குழல், ஒவ்வொன்றும் செய்யவேண்டிய வேலையைச் சரியாகச் செய்தது. அந்தக் காசுக்கு அதைவிட நல்ல துவக்கு கிடையாது.

மாமாவிடம் இதை நீங்களே நேரில் போய்ச் சொல்லவேண்டும். துவக்கைப் பற்றி முதலில் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு சொல்லலாம். மனிசன் கொஞ்ச நாளைக்கு என் முகத்தில் முழிக்கமாட்டார். அது நியாயம்தான். பிறகு ஆறுதலாக இருந்து யோசிப்பார். இப்போது வாங்கியிருக்கிற பம்பின் உறிஞ்சு குழாய் வாய் சிறிது, அவருடைய வயல் மேட்டு வயல், வைகாசி வெயிலில் அது தண்ணீர் இழுக்காது. வேறொன்று வாங்கவேண்டி வரும். அப்போது நான் எந்தச் சிறையில் இருந்தாலும், எதை எடுக்கலாம் என்று கேட்டு என்னிடம்தான் ஆள் அனுப்புவார்.